கோடையில் பூக்கும் குட்டைச் செடிகள்: உறையில் எழுதியிருப்பது யாருடைய கோடை?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். திருச்சியில் உங்கள் வீட்டு மதிலை ஒட்டி, மேற்கு வெயில் முழுமையாக விழும் இடத்தில், 12 அடி நீளமும் 3 அடி அகலமும் கொண்ட வெற்று மண் இருக்கிறது. சென்ற மே மாதம் உதகை மலர்க் காட்சிக்குப் போய்த் திரும்பியபோது பேன்சி, பெட்டூனியா நாற்றுகளையும், உறையின் மேல் ‘கோடையில் பூக்கும் குட்டை ரகம்’ என்று அச்சிட்டிருந்த லோபீலியா, அலிசம் விதைகளையும் வாங்கி வந்து அங்கே வைத்தீர்கள். நாற்றுகள் இரண்டு வாரத்தில் கருகிப்போயின. விதைகளில் முளைத்தவை நூல்போல நீண்டு சாய்ந்துவிட்டன. தினமும் இருவேளை தண்ணீர் விட்டும் இப்படி ஆனது ஏன், முழங்கால் உயரத்துக்கு மிகாமல் கோடை முழுவதும் பூக்கும் செடிகள் நம் ஊரில் உண்டா, உண்டென்றால் எப்படி வளர்ப்பது என்பவை நீங்கள் கேட்டவை.

முதலில் அந்த உறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் எழுதியிருப்பது பொய் இல்லை. ஆனால் அது பேசும் கோடை வேறொரு நாட்டின் கோடை. லண்டனில் ஜூலை மாதத்தின் சராசரிப் பகல் வெப்பம் 23, 24 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். இரவில் அது 14 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். திருச்சியின் டிசம்பர் மாதமே அதைவிட வெப்பமானது: பகலில் 29, இரவில் 21 டிகிரி வாக்கில் நிற்கும். ஆகவே அங்கே கோடையில் பூக்கும் லோபீலியாவும் அலிசமும் பேன்சியும் நமக்கு மார்கழிச் செடிகள். ஐப்பசி அடைமழை ஓய்ந்ததும் நட்டு, மாசிக்குள் பூப்பார்த்து முடிக்க வேண்டியவை. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே மே மாதத்தில் அவை செழித்து நிற்கின்றன. அந்தப் பாத்திகளைப் பார்த்து ஆசைப்பட்டு நாற்று வாங்கி மலையிறங்கும் எல்லோருக்கும் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கிறது. இதில் உங்கள் கைராசியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பகல் வெப்பம் மட்டுமே காரணம் என்று நினைத்துப் பலர் நிழல்வலை கட்டிப் பார்க்கிறார்கள். அது முழுத் தீர்வு ஆகாது. செடி பகலில் ஒளியைக் கொண்டு சேர்த்த மாவுப்பொருளை இரவில் மூச்சுவிட்டுச் செலவழிக்கிறது. இரவு எவ்வளவு புழுக்கமாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாகச் செலவழிக்கும். மே மாதத் திருச்சியில் இரவிலும் 26, 27 டிகிரிக்குக் கீழே இறங்காது என்பதால், குளிர்நாட்டுச் செடிக்கு வரவைவிடச் செலவு கூடிவிடுகிறது. பூவுக்கு மிச்சம் இருப்பதில்லை. கொஞ்ச நாளில் இலைக்கும் இருப்பதில்லை. நிழல்வலை பகலின் உச்சத்தைத் தணிக்கும், இரவை ஒன்றும் செய்யாது. ஒளியையும் குறைத்து வரவையே வெட்டிவிடும். எனவே நமக்கு வேண்டியவை இந்த வெயிலையும் இந்த இரவையும் தமக்கு உகந்தவையாகக் கொண்ட செடிகள். அப்படிப்பட்டவை நாம் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கின்றன. எளிதாகக் கிடைப்பதாலேயே அவற்றை நாம் மதிப்பதில்லை.

அவற்றுள் முதலிடம், என் கணக்கில், டேபிள் ரோஸுக்கு. பத்துமணிப்பூ என்றும் சொல்வார்கள். வெயில் ஏறியபின் பத்து மணி வாக்கில் முழுதாக விரிந்து பிற்பகலில் மூடிக்கொள்வதால் அந்தப் பெயர். அர்ஜென்டினாவும் தெற்கு பிரேசிலும் அதன் பிறப்பிடம். நம் பருப்புக்கீரைக்கு நெருங்கிய உறவு. தண்டை ஒடித்துப் பார்த்தால் அதே சதைப்பற்றும் வழவழப்பும் தெரியும். பொதுவாகச் சாண் உயரத்தைத் தாண்டாமல் தரையோடு படரும். நாற்றுப் பண்ணைகளில் இரண்டு வகைகளை ஒரே பெயரில் விற்கிறார்கள். ஊசிபோன்ற இலையும் ரோஜா போன்ற அடுக்குப் பூவும் உடையது ஒன்று. தட்டையான இலையும் ஓரடுக்குப் பூவும் உடையது இன்னொன்று. இரண்டும் வெயிலுக்கு அஞ்சாதவை. ஆயினும் மழையைத் தாங்குவதில் தட்டை இலை வகை சற்று மேல் என்பது என் அனுபவம்.

இந்தக் குடும்பத்திடம் ஒரு வியப்பான திறமை உண்டு. சோளமும் கரும்பும் பயன்படுத்தும் சிக்கனமான ஒளிச்சேர்க்கை முறை இவற்றுக்கு இயல்பாகவே அமைந்திருக்கிறது. வறட்சி முற்றினால், கள்ளிகளைப் போல இரவில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்கி வைத்துக்கொண்டு பகலில் மூடிக்கொள்ளும் முறையையும் கூடவே கையாள்கின்றன. ஒரே செடியில் இவ்விரண்டும் சேர்ந்திருப்பது அரிது. சுவரோரக் கொதிப்பில் மற்றச் செடிகள் நடுப்பகலில் துவண்டு நிற்கும்போது டேபிள் ரோஸ் மட்டும் கல்யாண வீடுபோல இருப்பதற்கு இதுவே அடிப்படை. அதற்கு ஆகாதது ஈரம் தேங்கும் மண். நீங்கள் முன்பு செய்ததுபோல இருவேளை தண்ணீர் விட்டால் பத்து நாளில் தண்டு அடியில் கருத்து, தொட்டதும் கையோடு வந்துவிடும். நானும் தொடக்கத்தில் ஒரு பாத்தி முழுவதையும் அன்பாலேயே கொன்றிருக்கிறேன்.

வளர்ப்பது மிக எளிது. இரண்டு மூன்று அங்குல நீளத் துண்டுகளை ஒடித்து, நிழலில் அரைநாள் வைத்து முறிந்த வாய் உலர்ந்தபின், ஈரமணலில் செருகினால் ஒரு வாரம், பத்து நாளில் வேர் பிடித்துவிடும். விதை போடுவதானால் அது தூசிபோல இருக்கும் என்பதையும், முளைக்க அதற்கு ஒளி வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். மண்ணை நனைத்துவிட்டு, மணலோடு கலந்து மேலாகத் தூவி, மண்போட்டு மூடாமல் விட வேண்டும். காய்கள் மூடியிட்ட சிமிழ்போல இருக்கும். முற்றியதும் மூடி தானாகக் கழன்று விதை சிந்திவிடும். சேகரிக்க விரும்பினால் மூடி பழுப்பாகும் நேரத்தில் காகிதத்தை விரித்து உதிர்த்துக்கொள்ளலாம். கலப்பின வகைகளின் விதையிலிருந்து அதே நிறம் வரும் என்று உறுதி சொல்ல முடியாது. குறிப்பிட்ட நிறம் வேண்டுமானால் தண்டுத் துண்டே நல்லது.

அடுத்தது நித்தியகல்யாணி. ‘சுடுகாட்டு மல்லியை வீட்டு வாசலில் வைப்பதா?’ என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்தப் பெயர் அதற்கு வந்ததே, யாரும் தண்ணீர் விடாத இடத்திலும் ஆண்டு முழுவதும் பூத்து நிற்பதால்தான். மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த இந்தச் செடியை நம் தென்மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் மருந்துக்காகவே பயிரிடுகிறார்கள். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர் நீரிழிவுக்கு மருந்தாகுமா என்று இதன் இலையை ஆராயப்போய், அது வெள்ளையணுக்களைக் குறைப்பதைக் கண்டு, புற்றுநோய்க்கான வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அவ்வளவு வீரியமுள்ள நச்சு உள்ளிருப்பதால் ஆடுமாடு இதைத் தீண்டாது. மதிலுக்கு வெளியே தெருவோரம் நடுவதற்கு இதைவிடப் பாதுகாப்பான பூச்செடி இல்லை. அதே காரணத்தால் சிறு குழந்தைகள் இலையைப் பிய்த்து வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாதாரண நித்தியகல்யாணி இரண்டடிக்கு மேல் வளரும். உங்கள் இடத்துக்கு, ‘வின்கா’ என்ற பெயரில் நாற்றுப் பண்ணைகளில் கிடைக்கும் குட்டை ரகங்கள் பொருந்தும். அவை ஓர் அடி உயரத்தில் நின்றுவிடும், பூவும் பெரியது. ஆனால் நாட்டுச் செடியின் முரட்டுத்தனம் அவற்றில் பாதிதான் இருக்கிறது. நன்றாகப் பூத்துக்கொண்டிருந்த செடியில் ஒரு கிளை மட்டும் திடீரென்று துவண்டு, தண்டு கருத்து, நான்கே நாளில் முழுச் செடியும் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். அது தாகம் என்று நினைத்து எல்லோரும் இன்னும் தண்ணீர் விடுகிறார்கள். உண்மையில் அது ஈரத்தில் பரவும் ஃபைட்டாப்தோரா என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரின் வேலை. இலைமேல் மாலையில் பூவாளியால் தெளிப்பது அதற்கு விருந்து வைப்பதற்குச் சமம். நோய் கண்ட செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, அந்தக் குழியில் அந்தப் பருவத்தில் மீண்டும் வின்கா நடாமல் வேறு செடி நடுங்கள். இந்நோயைத் தாங்கும்படி உருவாக்கப்பட்ட ‘கோரா’ வரிசை விதைகள் கிடைத்தால், விலை கூடினாலும் அவற்றை வாங்கலாம். வின்கா விதைக்கு டேபிள் ரோஸுக்கு நேர்மாறான குணம்: இருட்டில்தான் நன்றாக முளைக்கும். கால் அங்குல மண் போட்டு மூடி, முளைக்கும்வரை தட்டின்மேல் ஈரச்சாக்கு போட்டு வைக்க வேண்டும்.

மூன்றாவது வாடாமல்லி. மாலை கட்டுவோர் கையில் தினமும் பார்க்கும் பூ என்பதால் தோட்டத்துக்கு இதை யாரும் யோசிப்பதில்லை. நாம் பூவென்று பார்ப்பது நிறமேறிய செதில்களின் உருண்டை. உண்மையான பூக்கள் அவற்றுக்கு நடுவே கடுகளவில் எட்டிப் பார்க்கும். செதில்கள் உலர்ந்தாலும் நிறம் போகாது என்பதால், பூத்து முடிந்த தலைகளைக் கிள்ளிக்கொண்டே இருக்கும் வேலை மிச்சம். இதுவும் சோளத்தின் ஒளிச்சேர்க்கை முறையைப் பின்பற்றும் செடிதான். மாலைக்குப் பயிரிடும் ரகம் இரண்டடி உயரம் போகும்; ‘நோம்’ என்ற பெயரில் வரும் குட்டை ரகம் ஒரு சாண் உயரத்தில் பந்துபோல நிற்கும். விதையைச் சுற்றிப் பஞ்சுபோன்ற உறை இருப்பதால் தண்ணீர் உள்ளே இறங்கத் தாமதமாகும். இரவு முழுவதும் ஊறவைத்து விதையுங்கள்.

ஜின்னியாவில் ஒரு எச்சரிக்கை வேண்டும். பெரிய பூ ஜின்னியா நம் ஊரில் நன்றாக வரும் என்றாலும், அதன் இலையில் சாம்பல் பூசியதுபோல் நோய் வந்து அடியிலைகள் அசிங்கமாகிவிடும், உயரமும் அதிகம். ஜப்பானின் சகாட்டா விதை நிறுவனம் உருவாக்கிய ‘ப்ரொஃப்யூஷன்’ வரிசை இந்த நோய்க்கு எளிதில் ஆளாகாது. ஓர் அடி, ஒன்றரை அடி உயரத்தில் குடைபோல விரிந்து மாதக்கணக்கில் பூக்கும். அதன் ஆரஞ்சு, செர்ரி நிறங்களுக்கு 1999இல் அமெரிக்காவின் ஆல்-அமெரிக்கா செலெக்‌ஷன்ஸ் தங்கப் பதக்கம் கிடைத்தது. பரிசு பெற்ற எல்லாச் செடியும் நமக்கு ஆகும் என்பதில்லை, இது ஆகிறது.

நீலநிறம் வேண்டும் என்று லோபீலியா வாங்கினீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நம் மேய்ச்சல் தரைகளிலும் செம்மண் காடுகளிலும் தரையோடு தரையாகக் கிடந்து சின்னஞ்சிறு நீலப் பூ பூக்கும் விஷ்ணுக்கிராந்தியைப் பார்த்திருப்பீர்கள். அதன் பிரேசில் நாட்டு உறவுச்செடி ஒன்று ‘ப்ளூ டேஸ்’ என்ற பெயரில் நாற்றுப் பண்ணைகளில் கிடைக்கிறது. அதே நீலம், பூ மட்டும் இருமடங்குக்கு மேல் பெரியது. சாம்பல் பூத்த இலையோடு ஓர் அடிக்குள் படர்ந்து, காலையில் விரிந்து பிற்பகலில் மூடும். இதுவும் முழுவெயில் கேட்பது, தண்ணீர் தேங்கினால் அழுகுவது. வெயிலில் நிற்கும் உண்மையான நீலம் நமக்கு அபூர்வம் என்பதால், நான்கு செடியாவது வையுங்கள்.

மினி இட்லிப்பூவையும் டெல்லி கனகாம்பரத்தையும் பலர் பரிந்துரைப்பார்கள். இரண்டும் நல்ல செடிகளே. ஆனால் உங்கள் இடத்துக்கு நான் தயங்குவேன். கட்டடம் கட்டியபோது சிந்திய சிமெண்டும் சுண்ணாம்பும் மதிலோர மண்ணில் கலந்து அதைக் காரமாக்கியிருக்கும். அதன்மேல் உப்புள்ள ஆழ்துளைக் கிணற்று நீரும் பாய்ந்தால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் இட்லிப்பூவின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றப் பகுதி மஞ்சளாக வெளுக்கும். லிட்டருக்கு 5 கிராம் பெரஸ் சல்பேட் கரைத்து மாதம் ஒருமுறை இலையில் தெளித்தால் தேறும். ஆனால் மண் மாறாதவரை அந்த வேலை ஓயாது. கனகாம்பரத்துக்குப் பிற்பகல் நிழல் கிடைக்கும் கிழக்குப் பக்கம் ஏற்றது. அங்கே இடமிருந்தால் தாராளமாக வையுங்கள்.

மஞ்சள் பூவோடு தரையை மூடிப் படரும் வெடேலியாவை மட்டும் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நட்ட இடத்தோடு அது நிற்பதில்லை. கணுவுக்குக் கணு வேர்விட்டு வாய்க்கால் வழியே ஊரைப் பிடித்துவிடும். உலகின் மிக மோசமான 100 அந்நியப் படையெடுப்பு உயிரினங்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறது. அலங்காரச் செடியாக வந்த உண்ணிச்செடி நம் காடுகளை என்ன செய்துவைத்திருக்கிறது என்பதை முதுமலைப் பக்கம் போய்வந்தவர்கள் அறிவார்கள்.

இனி இடத்தைத் தயார் செய்வது. மண் எப்படிப்பட்டது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஓர் அடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் இன்னொரு முறை நிரப்புங்கள். இரண்டாம் முறை நிரப்பிய நீர் மூன்று நான்கு மணி நேரத்துக்குள் வடிந்தால் கவலையில்லை. மறுநாள் காலையிலும் நின்றால், எந்தச் செடியை வைத்தாலும் முதல் கோடை மழையோடு அது முடிந்துவிடும். அப்போது பாத்தியை ஆறு அங்குலம் மேடாக்குவது ஒன்றே வழி. மண்ணைக் கொத்தும்போது கட்டடக் கழிவு, சிமெண்டுக் கட்டி எதையும் விட்டுவைக்காமல் பொறுக்கிவிடுங்கள். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்கு மக்கிய தொழு உரம் என்ற கலவை போதும். முன்வரிசையில் டேபிள் ரோஸ் வரும் இடத்தில் தொழு உரத்தைப் பாதியாகக் குறைத்து மணலைக் கூட்டுங்கள். சத்து அதிகமானால் தண்டு கொழுக்கும், பூ குறையும். தேங்காய் நார்க்கழிவு கலப்பதானால் அதன் உப்புப் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்தபின் கலக்க வேண்டும்.

மதிலை ஒட்டி முக்கால் அடி அகலத்துக்கு எதையும் நடாமல் ஜல்லி பரப்பிவிடுங்கள். மேற்கு வெயிலைப் பகலெல்லாம் குடிக்கும் சுவர் அதை இரவு பத்து மணிவரை கக்கிக்கொண்டிருக்கும். அதன் மடியில் எந்தச் செடியும் நிம்மதியாக இருக்காது. சுவருக்கு நீர் இறங்காமல் இருக்கவும் அந்த இடைவெளி உதவும். மிஞ்சும் இரண்டே கால் அடியில் மூன்று வரிசை போடலாம்: பின்வரிசையில் ஓர் அடிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வாடாமல்லியோ ப்ரொஃப்யூஷன் ஜின்னியாவோ, நடுவரிசையில் அதே இடைவெளியில் எட்டுக் குட்டை வின்காவும் இடையிடையே நான்கு நீலப் பூச் செடியும், முன்வரிசையில் எட்டு அங்குலத்துக்கு ஒன்றாகப் பதினெட்டு டேபிள் ரோஸ். நட்ட புதிதில் வெறிச்சென்று தெரியும். அவசரப்பட்டு நெருக்கி நட்டுவிடாதீர்கள். ஆறு வாரத்தில் மண் தெரியாமல் மூடிக்கொள்ளும். அப்படி மூடிக்கொள்வதுதான் குட்டைச் செடியின் பெரும்பயன், ஏனெனில் தன் வேர் இருக்கும் மண்ணுக்குத் தானே நிழலாகிறது. நிறத்தைப் பற்றி என் ஒரே வேண்டுகோள்: எல்லா நிறத்திலும் ஒவ்வொன்று என்று கலக்காமல் ஒரு வரிசைக்கு ஒரே நிறம், மிஞ்சினால் இரண்டு என்று வையுங்கள், கண் கூசும் நம் வெயிலில் கதம்பம் எடுபடாது.

காலத்தை நீங்கள் தவறவிட்டதும் ஒரு காரணம். மே மாதத்தில் நடுவது என்பது, நீச்சல் தெரியாதவரை வெள்ளத்தில் இறக்குவது போன்றது. தை பிற்பகுதியில் விதைத்து, மாசிக் கடைசியில் நாற்றை நட்டு, பங்குனியில் நுனியைக் கிள்ளிவிட்டால், கத்திரி வெயில் தொடங்கும் மே 4 வாக்கில் செடிக்கு இரண்டு மாத வேர் இருக்கும். கடையில் நாற்று வாங்கினால், அது நிழல்வலைக்குள் வளர்ந்தது என்பதை மறக்க வேண்டாம். முதல் மூன்று நாள் காலை வெயில் மட்டும், பிறகு பத்து மணிவரை, பிறகு நண்பகல்வரை என்று பத்து நாளில் பழக்கிவிட்டு, மாலை வேளையில் நடுங்கள். நுனி கிள்ளுவது வின்காவுக்கும் ஜின்னியாவுக்கும் முக்கியம்: புழுக்கமான இரவில் எல்லாத் தண்டும் நீளப் பார்க்கும், உறையில் சாண் உயரம் என்று எழுதியிருக்கும் செடி நம் ஊரில் முழ உயரம் போவது அதனால்தான்.

தண்ணீர்க் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் கோடையில் சாகும் குட்டைச் செடிகளில் பெரும்பாலானவை தண்ணீராலேயே சாகின்றன. நடப்பட்ட பகுதி 12 அடிக்கு இரண்டே கால் அடி, அதாவது ஏறக்குறைய இரண்டரைச் சதுர மீட்டர். கத்திரி வெயிலில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஒரு நாளில் 7 மில்லிமீட்டர் ஆவியாகும் என்று கொண்டால், ஒரு சதுர மீட்டருக்கு 7 லிட்டர் வீதம் பதினேழு லிட்டர் சொச்சம். நாம் தேர்ந்த செடிகள் அதில் பாதியைக் கொண்டே பூக்கக்கூடியவை. நாளைக்கு 9 லிட்டர், மூன்று நாளைக்கு 27 லிட்டர். ஆக, மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டு பெரிய குடம் தண்ணீர். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றிக் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த நாட்களில்கூட, பாத்திரம் அலசிய நீரை வைத்தே இப்படியொரு பாத்தியைக் காப்பாற்றியிருக்க முடியும். இது வேர் பிடித்தபின் உள்ள கணக்கு; நட்ட முதல் இரண்டு வாரம் தினமும் காலையில் கொஞ்சம் விட வேண்டும். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து ஈரம் தட்டினால் அன்று விடாதீர்கள்.

தினமும் மேலாக நனைத்தால் வேர் மேலேயே தங்கி, ஒருநாள் தவறினாலும் துவளும். மூன்று நாளுக்கு ஒருமுறை ஆழமாக நனைத்தால் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். காலை ஏழு மணிக்குள், மண்ணில் மட்டும் படும்படி விடுங்கள். வெயிலில் கிடந்த குழாயிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் பிற்பகலில் வருவது வெந்நீர். அவசரத்துக்கு விட நேர்ந்தால் முதலில் வாளியில் பிடித்து ஆறவிடுங்கள். கிணற்று நீர் உப்பாக இருந்து மண்மேல் வெள்ளைப் படிவம் தெரிந்தால், மாதம் ஒருமுறை வழக்கத்தைப்போல் இருமடங்கு தண்ணீர் விட்டு உப்பை வேருக்குக் கீழே இறக்கிவிட வேண்டும். மூடாக்குக்கு நிலக்கடலைத் தோலும் காய்ந்த இலையும் நல்லவைதாம். ஒரு அங்குல கனத்துக்கு மேல் போட்டால் நம் ஊரில் கரையான் ஏறும். டேபிள் ரோஸைச் சுற்றி மட்டும் இலை போடாமல் சிறு கூழாங்கல் பரப்புங்கள். தண்டின் அடி உலர்ந்தே இருக்கட்டும்.

உரத்துக்கு மாதம் ஒருமுறை செடிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். கத்திரி நாட்களில் அதையும் நிறுத்திவிடுங்கள். பூச்சிகளில் இரண்டைக் கவனித்தால் போதும். இலையின் பச்சை மங்கிப் புள்ளி புள்ளியாக வெளுத்து, அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அது சிலந்திப்பேன். வறண்ட வெப்பத்தில் பெருகும். வாரம் இருமுறை விடியற்காலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே அடங்கிவிடும்; அந்த ஈரம் வெயில் ஏறியதும் உலர்ந்துவிடுவதால், வின்காவுக்கு நான் சொன்ன ஆபத்து இதில் குறைவு. வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தால் மாவுப்பூச்சி. தொடக்கத்திலேயே கிளையோடு கிள்ளி எறிந்து, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில சொட்டுச் சோப்புக் கரைசலோடு கலந்து வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். பகலில் தெளித்தால் எண்ணெய் பட்ட இலை வெந்துபோகும். கந்தகத் தூளை நம் கோடையில் தொடவே வேண்டாம்.

கடைசியாக, வாசற்படிக்கு அருகில் ஒரு முழ இடம் ஒதுக்கி ரெயின் லில்லி என்கிற மழை அல்லிக் கிழங்குகளை இரண்டு அங்குல ஆழத்தில், கொத்துக்குப் பத்தாக நட்டுவையுங்கள். புல்போல முக்கால் அடி உயர இலை, இளஞ்சிவப்பிலும் வெள்ளையிலும் மஞ்சளிலும் பூ. வறண்டு கிடந்த கிழங்கு நன்றாக நனைந்ததும் மொட்டு விடுவது அதன் இயல்பு. குழாய்த் தண்ணீருக்குச் சோம்பலாகத்தான் பதில் சொல்லும், இடியோடு பெய்த ஒரு கோடை மழைக்கு நாலைந்து நாளில் ஒட்டுமொத்தமாக எழுந்து நிற்கும். கிழங்கு நச்சுள்ளது என்பதால் சமையலறை வெங்காயத்தோடு சேர்த்து வைத்துவிடக் கூடாது.

புரட்டாசி பிறந்ததும் டேபிள் ரோஸ், நீலப்பூ, வின்கா மூன்றிலிருந்தும் துண்டுகள் எடுத்துத் தொட்டியில் ஊன்றித் தாழ்வாரத்தில் வைத்துவிடுங்கள்; ஐப்பசி அடைமழையில் பாத்தியில் இருப்பவற்றில் பாதி அழுகத்தான் செய்யும். காலியான அந்த இடத்தில் மழை ஓய்ந்தபின் உங்கள் பெட்டூனியாவையும் அலிசத்தையும் நடலாம். மிச்சமிருக்கும் அந்த விதை உறையைத் தூக்கி எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருங்கள், கார்த்திகையில் வேண்டியிருக்கும்.